பிக்கப் பிரேக் கோளாறு மறுபடி மறுபடி வருகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடித்து வாரண்டியில் சரிசெய்யும் வழி

தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கிப் பழகியவர்கள் பிரேக்கை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே தொடர்ந்து சரிகிறது. இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகளைக் கேள்விப்படாதவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ தக்காளி ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்துக்கு வரும் பிக்கப்பில் பிரேக் சந்தேகமாக இருந்தால், அதை அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போட முடியாது.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வண்டி வாரண்டியில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முன்சக்கர டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் மாற்றுகிறார்கள், பின்சக்கர டிரம்முக்குள் உரசும் லைனர் மாற்றுகிறார்கள், அதெல்லாம் தேய்மானப் பொருள் என்று காசும் வாங்கிக்கொள்கிறார்கள். சில வாரத்தில் அதே கோளாறு திரும்ப வருகிறது. பேட், லைனர் போன்றவை வாரண்டியில் சேராது என்பது பொதுவாக எல்லா கம்பெனியிலும் உள்ள விதிதான். அதில் சண்டை போட்டுப் பயனில்லை. அவற்றைச் சீக்கிரம் தேய வைத்தது எது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒட்டிக்கொண்ட கேலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்), உள்ளே கசியும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்), பழுதான பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பாகம்) என்று காரணம் தெரிந்தால் அது பெரும்பாலும் வாரண்டிக்குள் வரும். அந்தக் காரணத்தால் எரிந்துபோன பேடுக்கும் அப்போது உரிமையோடு காசு கேட்கலாம்.

அறிகுறி சரியாகத் தெரிந்தால்தான் காரணத்துக்குப் போக முடியும். வண்டியை விடும்போது புகாரைப் பதியும் ஜாப் கார்டில் "பிரேக் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பேட்தான் மாறும்.

உடனே நிறுத்த வேண்டியவை

பெடல் தரை வரை போகிறது, பிரேக் ஆயில் அளவு திடீரென்று இறங்கியிருக்கிறது, சக்கரத்தில் புகை வருகிறது, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்கிறது, சிவப்பு பிரேக் விளக்கு ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் அணையவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம். கம்பெனியின் சாலையோர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு இழுத்துப் போகச் சொல்லுங்கள். அந்த அழைப்பே தேதி, நேரத்தோடு ஒரு பதிவாக நிற்கும். பின்னால் அது உதவும்.

இறக்கத்தில் பெடல் பொதபொதவென்று அமுங்குகிறது, மறுநாள் காலையில் சரியாக இருக்கிறது

இங்கே அதிகமாக வரும் புகார் இதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஆறின வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்புவதும் இதில்தான் அதிகம்.

மூன்று வேறு கோளாறுகள் இங்கே ஒன்றுபோலத் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போதும் பெடல் பொதபொதவென்று இருந்து, இரண்டு மூன்று முறை அடித்தால் கெட்டியானால் லைனில் காற்று இருக்கிறது. ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து, சூடானபின் மட்டும் பெடல் தொய்ந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது. பெடல் எப்போதும் போலக் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது, லைனர் எரியும் வாசனை வருகிறது என்றால், பேடும் லைனரும் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கின்றன.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். லோடோடு 3 டன் இருக்கும் வண்டி 200 மீட்டர் உயரம் இறங்கினால், பிரேக்கால் மட்டுமே வேகத்தைக் கட்டுப்படுத்தினால், ஏறத்தாழ 60 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவரும். சாதாரணத் தண்ணீர் 18 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு சூடும் நான்கு சக்கரங்களில் உள்ள சில கிலோ இரும்பில் ஏறுகிறது.

டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு டாட் 3இல் 140, டாட் 4இல் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அடிக்கடி கணவாய் இறங்கும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. மூடி திறந்து வைத்திருந்த பழைய டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். ஈரத்தை அளக்க சின்ன பேனா மாதிரி டெஸ்டர் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்து, வந்த அளவை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஆயில் புதிது, ஓட்டும் முறையும் சரி, இருந்தும் கொதிக்கிறது என்றால் ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. கீழே "சக்கரம் சூடாகிறது" பகுதியைப் பாருங்கள்.

ஓட்டும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரண்டியை மறுக்க முதலில் கையில் எடுப்பது அதைத்தான். எந்த கியரில் அந்த மேட்டை ஏறுமோ அந்த கியரிலேயே இறக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கினால் பூஸ்டருக்குத் தேவையான வாக்குவம், அதாவது காற்றை இழுக்கும் வெற்றிடம், கிடைக்காது. சில மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். தொப்பூருக்கு மட்டும் இந்த விதி என்று நினைக்க வேண்டாம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையிலும், வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளிலும், தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி பக்கமும் இதே கதைதான்.

டோல்கேட் வரிசையில் பெடல் மெதுவாக உள்ளே போகிறது

பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்து வைத்திருக்கிறீர்கள். அது நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. வெளியே எங்கும் ஆயில் சொட்டவில்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று அர்த்தம்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, அரை நிமிடம் ஒரே சீராக மிதித்துப் பிடியுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆன நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால்தான் கோளாறு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இது வரும் போகும் கோளாறு என்பதால் அந்த வீடியோ பெரிய சாட்சி. அளவு குறைகிறது ஆனால் எங்கும் கசிவு தெரியவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி பூஸ்டருக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மற்ற கோளாறுகளைவிட வாரண்டியில் வாதாட எளிதானது இதுதான், ஏனென்றால் ஓட்டுபவர் தப்பு என்று சொல்ல இதில் இடமே இல்லை. ஆயில் மாற்றாமல் விட்டிருந்தால் மட்டும் கேள்வி வரும்.

பெடல் கல் போல இருக்கிறது

பூஸ்டரைச் சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை அடித்துக் கெட்டியாக்குங்கள். காலை எடுக்காமல் அப்படியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் வாக்குவம் வரவில்லை. ஹோஸ் விரிசல், ஒருவழி வால்வு, வாக்குவம் பம்ப், கடைசியாக பூஸ்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். டீசல் வண்டிகள் பலவற்றில் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும். பூஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு பம்ப்பைப் பார்க்காமல் அனுப்பினால் கோளாறு நிச்சயம் திரும்பி வரும்.

முன் பேட் சீக்கிரம் தீர்கிறது, அல்லது காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். நம் பக்கத்துப் பிக்கப்களில் திரும்பத் திரும்ப வரும் பிரேக் கோளாறுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும். ஒரு கம்பியோ நெம்புகோலோ அதை ஆக்ஸிலோடு இணைத்திருக்கும். எல்எஸ்பிவி என்பார்கள். லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், இடைவெளி குறையும், வால்வு அதை உணர்ந்து பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தம் விடும். காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, பின்சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் வசதி உள்ள சில வண்டிகளில் இந்த வால்வு இல்லாமல் மின்னணு முறையிலேயே பிரித்துக் கொடுப்பார்கள்.

இப்போது வண்டி எடுத்த கையோடு பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுகிறோம். மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்கு ஓட்ட வேண்டும், கிரானைட் துண்டு ஏற்ற வேண்டும், பட்டை இல்லாமல் முடியாது என்று நினைக்கிறோம். பட்டை போட்டதும் வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிடுகிறது. முழு லோடு ஏற்றினாலும் சேஸிஸ் முன்புபோலத் தாழ்வதில்லை. வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்கிறது. பின்சக்கரத்துக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாமல், நிறுத்தும் வேலை முழுவதும் முன் டிஸ்க்கின் தலையில் விழுகிறது. பேட் எரிகிறது, டிஸ்க் நீலம் பாய்கிறது, ஆயில் கொதிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முன் பேடை மாற்றி அனுப்புகிறார்கள். வால்வைக் குனிந்து பார்ப்பவர் குறைவு.

நேர்மாறான கோளாறும் உண்டு. வால்வு திறந்த நிலையிலேயே இறுகிவிட்டாலோ, கம்பி தவறாகப் பொருத்தப்பட்டாலோ, காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழை பெய்த சாலையில் வண்டியின் பின்பக்கம் சுழன்று போகும்.

பட்டை எதுவும் போடாத வண்டியில் இந்த அறிகுறி இருந்தால் வால்வின் அமைப்பை கம்பெனி அளவோடு ஒப்பிட்டு, இரண்டு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டை போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்வதே நல்லது. கம்பெனி ஆள் பார்த்த உடனே தெரிந்துவிடும். பட்டையைக் கழற்றிவிட்டு, வால்வைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகும் கோளாறு வந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். ஷோரூமிலேயே பட்டை போட்டுக் கொடுத்திருந்தால் அந்த பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

அதிக லோடு என்ற பேச்சு வரும். எடை மேடைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்பவருக்கு அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய், அது தனி.

ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர் காற்று. இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் இழுத்தால் கேலிப்பர் பின் இறுகியிருக்கலாம், பேடில் கிரீஸ் பட்டிருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கலாம். கழற்றும்போது இரண்டு பக்கப் பேடையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். ஒரே சக்கரத்தில் உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் புதிதாக இருந்தால் கேலிப்பர் சரியாக நகரவில்லை. அதைத் தேய்மானம் என்று தள்ளிவிட முடியாது.

ஹைவேயில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது

கிருஷ்ணகிரி, ஓசூர் சாலையில் நல்ல வேகத்தில் போய் பிரேக் தொட்டால் ஸ்டீயரிங் ஆடும். பெடலும் காலைத் தள்ளும். டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லை. பெடல் மட்டும் துடித்து ஸ்டீயரிங் ஆடாவிட்டால் பின் டிரம் வட்டம் மாறியிருக்கலாம்.

டிஸ்க்கை லேத்தில் கடைந்து கொடுத்தால் சில நாள் நன்றாக இருக்கும். திரும்ப வந்தால் டிஸ்க் உட்காரும் ஹப்பைப் பார்க்க வேண்டும். ஹப் முகத்தில் துரு இருந்தாலோ பேரிங் ஆடினாலோ புது டிஸ்க்கும் கோணலாகத்தான் சுற்றும். டயல் கேஜ் வைத்து ஹப்பையும் டிஸ்க்கையும் தனித்தனியாக அளந்து எழுதச் சொல்லுங்கள். பஞ்சர் கடையில் கன் வைத்து நட்டுகளை ஏறுமாறாக இறுக்குவதும் ஒரு காரணம். நட்சத்திர வரிசையில், சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கணவாய் இறங்கிய சூட்டோடு வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடவும் வேண்டாம்.

சக்கரம் சூடாகிறது, வண்டி இழுவை குறைகிறது

பிரேக் போட்டு முடித்த பிறகும் ஏதோ ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது என்று தெரியும். தொட்டுவிடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்ல வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் அதன் பிளீடிங் நிப்பிளை, அதாவது லைனிலிருந்து காற்றை வெளியேற்றும் சிறு திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். உடனே சக்கரம் விடுபட்டால் அழுத்தம் லைனில் மாட்டிக்கொண்டிருக்கிறது: ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், அல்லது பூஸ்டர் ராடுக்கு இடைவெளி இல்லாமல் பொருத்தியது. அப்போதும் விடவில்லை என்றால் கேலிப்பர், ஷூ (லைனர் ஒட்டியிருக்கும் வளைந்த இரும்பு), ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள் பக்கம் பார்க்க வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே இது ஆரம்பித்தால் ஷூவையோ ஹேண்ட் பிரேக்கையோ அதிகம் இறுக்கியிருப்பார்கள்.

எல்லாச் சக்கரமும் பிடித்துக்கொண்டு, ஆயில் டப்பா மூடியின் ரப்பர் ஊதிப்போயிருந்தால் யாரோ தவறான ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் சீல்கள் எல்லாம் ஊதிவிடும். எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிய பெரிய வேலை அது. வாரண்டிக் காலத்தில் பிரேக் ஆயில் டப்பாவை வெளியில் யாரும் திறக்க விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சத்தமும் விளக்கும்

மழைக்குப் பின் காலையில் முதல் சில பிரேக்கில் வரும் கிரீச் சத்தம் டிஸ்க்கின் மேல்துரு, போய்விடும். எப்போதும் கேட்டால் பேட் தேய்வு எல்லைக்கு வந்திருக்கும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், பூட்டாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. பெரும்பாலும் சேறு படிந்த வீல் சென்சார் அல்லது அறுந்த ஒயர். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டு எண்ணை அழிக்கும் முன் எழுதி வாங்குங்கள்.

இனி ஜாப் கார்டு

அறிகுறி, எந்த நிலையில் வருகிறது, லோடு எவ்வளவு, கிலோமீட்டர் எவ்வளவு என்பது எல்லாம் உங்கள் வார்த்தையிலேயே எழுதப்பட வேண்டும். "தொப்பூர் இறக்கத்தில் 1 டன் லோடோடு பெடல் தொய்கிறது, ஆறினால் சரியாகிறது" என்று எழுதினால் காலி வண்டியை ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடித்துவிட முடியாது. இரண்டாம் முறை வரும்போது "முன்பு இன்ன தேதியில் சொன்ன அதே புகார்" என்ற வரி கட்டாயம். சர்வீஸ் அட்வைசரை லோடோடு பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். "அண்ணா, இதெல்லாம் நார்மல்" என்று சொன்னால், "சரி தம்பி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுங்கள். ஓட்டிப் பார்க்காமல் திருப்தி என்று கையெழுத்து வேண்டாம்.

அப்படியும் தீரவில்லை என்றால் ஷோரூமோடு நிற்காமல் கம்பெனிக்கே ஈமெயிலில் எழுதுங்கள். ஏரியா சர்வீஸ் மேனேஜர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சேஸிஸ் எண்ணைப் போட்டு உங்கள் வண்டிக்கு ரீகால் ஏதும் இருக்கிறதா என்று கேட்பதும் அவசியம். மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின் கீழ், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு.

அடுத்த படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் பெங்களூரில் இருந்தாலும் சரி. வண்டியின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பாகத்தைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் ஆணையத்தால் உத்தரவிட முடியும்.

"வியாபார வண்டி, நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பலர் இதைக் கேட்டு அங்கேயே விட்டுவிடுகிறார்கள், விட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிய பொருளை அந்தச் சட்டம் வியாபார நோக்கமாகக் கருதுவதில்லை. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரும் நுகர்வோரே என்றும், துணைக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புகார் மனுவிலேயே, வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், குடும்பம் இதை நம்பி இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுதி, உங்கள் ஓட்டுநர் உரிமம், கடன் தவணை விவரம், ஜாப் கார்டு நகல்கள் எல்லாம் தேதி வாரியாக இணையுங்கள். வாரண்டி முடியப் போகிறது என்றால், கோளாறு அன்று தெரியாவிட்டாலும் முடியும் தேதிக்கு முன்பே ஒருமுறை போய், இதுவரை வந்த எல்லாப் புகாரையும் புது ஜாப் கார்டில் பதிந்து நகல் வாங்கிவிடுங்கள்.